எலுமிச்சம்பழம் அளவு ஆலங்கட்டி

ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனுக்குக் கம்ப்ரசர் எதிரி இல்லை, காஸ் எதிரி இல்லை. ஃபிரீசர் ஐஸைக் குத்திப் பெயர்க்க எடுக்கிற சமையலறைக் கத்திதான் எதிரி. ரேடியோ, மிக்சி, கடிகாரம் என்று எதையாவது பிரித்து மாட்டிப் பிழைக்கிற அன்பர்கள் இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள். பொருளைக் கெடுத்தவர் யாரும் "நான்தான் கெடுத்தேன்" என்று நம்மிடம் ஒப்புக்கொண்டது கிடையாது. எல்லாம் தானாகவேதான் கெட்டுப்போயிருக்கும். நாமும் தலையை ஆட்டிக்கொண்டு, தானாகக் கெட்டதைத் தானாகச் சரியானது போலச் செய்துகொடுத்துவிட்டு வர வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு இந்த வேலை. குடியிருந்தது பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில். காலையில் சைக்கிள் கேரியரில் ஃபிரிட்ஜுக்கு ஏற்றுகிற காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், பிளாக் பிளாக்காகச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்புவேன். அப்போது ஒரு தெருவுக்கு ஒன்றிரண்டு குவார்ட்டர்ஸில் ஃபிரிட்ஜ் இருந்தால் பெரிய விஷயம். அதுவும் ஹாலில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில், பின்னல் விரிப்புப் போட்டு, மேலே பிளாஸ்டிக் பூ ஜாடியோடு நிற்கும். சித்திரையில் சுரங்கப் பக்கமிருந்து வீசுகிற காற்றில் முகம் தீய்ந்துவிடும் ஊர் அது. பனிக்கட்டி என்ற ஒன்றை ஜனங்கள் கண்ணால் கண்டதே அந்தப் பெட்டிக்குள்தான். பழக்கமில்லாத பொருள் வீட்டுக்குள் வந்துவிட்டால் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதற்கு நான் சாட்சி.

மூன்று ஷிஃப்ட்

கலியபெருமாள் அண்ணன் தொழிற்சங்கத்தில் முக்கியமான ஆள். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் மாவு புளித்துப் பொங்குகிறது, ஐஸ் கட்டி முடிப்பதற்குள் கரைந்துவிடுகிறது என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. என் கண் முன்னாலேயே ஐஸ் கட்டியது. திரும்பி வந்து இரண்டு நாள் ஆகவில்லை, மறுபடியும் அதே புகார். மறுபடியும் போனேன், மறுபடியும் நன்றாக ஓடியது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாம் முறை காலையில் போகாமல் மத்தியானம் போனேன். ஃபிரிட்ஜ் சத்தமே இல்லாமல் நின்றது. பிளக்கைப் பிடுங்கிப் பூ ஜாடிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று கேட்டேன். அண்ணன் பாயில் படுத்தபடியே, தான்தான் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு பிடுங்கினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்ப மாட்டுவாராம். அப்படிச் செய்யக் கூடாது, அது நிற்காமல் ஓடத்தான் செய்த மெஷின் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"நீ யாருப்பா, மேனேஜ்மென்ட் ஆளு மாதிரி பேசற? மூணு ஷிஃப்டும் ஒரே ஆளு ஓடிக்கினு இருந்தா, அதுக்கு ஓவர்டைம் யாரு குடுக்கறது?"

டீச்சர் வீட்டுப் பெத்லகேம்

டெய்சி டீச்சர் கடலூர்க்காரர். டிசம்பர் வந்தால் அவர் வீட்டுக் குடில் அந்த பிளாக்கில் பிரசித்தம். வைக்கோல் கூரை, காகிதப் பாறை, மண்ணில் செய்து வர்ணம் தீட்டிய மாடு, ஆடு, இடையர்கள் என்று ஹாலின் ஒரு மூலையையே அடைத்துவிடும். பனிக்கு எல்லோரும் பஞ்சு ஒட்டுவார்கள். டீச்சருக்கு அந்த வருஷம் பஞ்சு பிடிக்காமல் போய்விட்டது. ஃபிரீசருக்குள் வெள்ளை வெளேர் என்று நிஜப் பனி படிந்துகிடக்கும்போது எதற்காகப் பஞ்சு என்று யோசித்திருக்கிறார். அதிலிருந்து மாதம் முழுக்க ஃபிரிட்ஜை அணைக்காமல், சுரண்டாமல், பயிர் வளர்ப்பது போல வளர்த்தார். ஃபிரீசர் கதவு மூடவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார். கரைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று போனால், இன்னும் சீக்கிரமாக வளர ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, ஃபாதர் வீடு வீடாகக் குடில் பார்த்துக்கொண்டு வந்தார். பனி விளைச்சலில் பங்குள்ளவன் என்று என்னையும் டீச்சர் அழைத்திருந்தார். ஃபாதர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் டீச்சர் பனியைக் கரண்டியால் பரபரவென்று சுரண்டிக் கூரை மேலும் பாறை மேலும் தூவினார். பொய் சொல்லக் கூடாது, ஸ்டார் விளக்கு வெளிச்சத்தில் அது கண்ணை விட்டு அகலாத அழகாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் ஃபாதருக்குக் காபி கொடுத்துவிட்டார்கள். சூடான காபி. அவர் அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு வருவதற்குள் மாட்டின் வர்ணம் ஆட்டின் மேல் ஓடியது, இடையர் ஒருவர் இடுப்புவரை கரைந்தார், வைக்கோல் மிதந்து ஹாலின் நடுவுக்கு வந்தது. ஃபாதர் அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க வச்சது பெத்லகேமா, நோவா பேழையா?"

சாவி முந்தானையில்

காந்திமதி அம்மா திருநெல்வேலிப் பக்கம். சுத்த சைவம். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் எப்போதும் பூட்டியிருக்கும், சாவி முந்தானையில் முடிந்திருக்கும். கஞ்சத்தனம் இல்லை. ஐஸ் கேட்டு யார் வந்தாலும் கொடுப்பார். அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் மட்டும் உள்ளே போகக் கூடாது, அதில் முன்பு என்ன இருந்ததோ என்று பயம். காய்ச்சல் கண்ட வீட்டுக்காரர்களிடம்கூட, டம்ளரை வெளியே வைத்துக்கொண்டு கட்டியை மேலிருந்து போடுவார்.

வாரத்துக்கு ஒரு நாள் ஃபிரிட்ஜை அணைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, ஐஸ் தானாகக் கரைந்ததும் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள், கத்தி மட்டும் வேண்டாம் என்று எல்லா வீட்டிலும் சொல்வதை அங்கேயும் சொன்னேன். எந்த நாள் என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனாலும், தலைக்குக் குளித்துவிட்டு ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே வாடிக்கையாளர் என் ஆயுளில் அவர்தான். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. எப்படி அம்மா மறக்காமல் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்ல கிழமையாப் பாத்துச் சொன்னீங்க, செய்றேன். செவ்வாக்கிழமைன்னு சொல்லியிருந்தா உங்களை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன்."

மாதையன் அண்ணன் சொன்னது

மாதையன் அண்ணன் தர்மபுரிப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் ஃபிட்டர். வெகுகாலம் கான்ட்ராக்டில் இழுபட்டு, பெர்மனென்ட் ஆன கையோடு முதலில் வாங்கியது ஃபிரிட்ஜ்தான். அதன் பக்கத்தில் செருப்போடு போக மாட்டார். ஈரக் கையோடு கைப்பிடியைத் தொட்டால் மனைவி அஞ்சலையிடம் சண்டைக்குப் போவார். தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரிதான் கதவைச் சாத்துவார். காந்திமதி அம்மாவை விட்டால், என் கணக்கில் கத்தி எடுக்காத மனிதர் அவர் ஒருவர்தான். ஆனால் அணைக்கவும் மாட்டார். அணைத்தால் அது கோபித்துக்கொண்டு மறுபடி ஓடாமல் போய்விடுமோ என்று பயம். அதனால் ஃபிரீசருக்குள் ஐஸ் சுவர் வைத்து வளர்ந்திருந்தது, ஒரு கைப்பிடி இடம் கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம். சின்ன வயதில் அவர் ஊரில் எலுமிச்சம்பழம் அளவு ஆலங்கட்டி விழுந்ததாம். ஓடு உடைந்ததாம், கோழி ஒன்று செத்ததாம், பொறுக்கி மோரில் போட்டுக் குடித்தார்களாம். இதைக் கேன்டீனில் ஒரு நாள் சொல்லிவிட்டார். சுரங்கமே சிரித்தது. கோழி எப்படியிருக்கிறது என்று விசாரிக்காத ஆள் இல்லை. வெளியில் அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். வீட்டில்தான் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாம் என்றாலும், டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார் என்றாலும், அஞ்சலை அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார். கட்டிய மனைவி தன் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்பது அவருக்கு உண்மையிலேயே வலித்தது. ஸ்டெபிலைசரைச் சரி பார்க்கப் போன அன்று அந்தக் கேள்வி என் காதிலேயே விழுந்தது. அண்ணன் அடுத்த மாதம் பழனிக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இதுவும் எலுமிச்சம்பழந்தானா?"

புஸ்

அடுத்த கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. காற்று அடித்து, வேப்ப மரங்களை உலுக்கிவிட்டு, திடீரென்று தகரக் கூரைகளின் மேல் சடசடவென்று சத்தம். ஆலங்கட்டி. ஜனங்கள் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடிவந்து பொறுக்கினார்கள். எல்லார் வீட்டு வாசலிலும் விழுந்தது கடலைப்பருப்பு அளவு. கைக்கு வருவதற்குள் தண்ணீர்.

அஞ்சலை அக்கா தங்கையின் பிரசவத்துக்காக மேல்பட்டாம்பாக்கம் போயிருந்தார், சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த மாதையன் அண்ணன் தனியாக இருந்திருக்கிறார். அவர் வீட்டு முருங்கை மரத்தடியில் ஒன்றே ஒன்று பெரிதாக வந்து விழுந்திருக்கிறது. அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜுக்கு ஓடினார். ஃபிரீசரில் டப்பா நுழையவில்லை. இத்தனை வருஷம் கத்தி எடுக்காத மனிதர், அன்றைக்கு எடுத்தார். இரண்டு குத்து ஐஸில் இறங்கியது, மூன்றாவது குத்து ஐஸுக்கு அடியில் ஓடுகிற குழாயில் இறங்கியது. புஸ் என்று காஸ் முழுவதும் வெளியேறிவிட்டது.

ஆள் அனுப்பிய கையோடு நான் போய்ப் பார்த்தேன். ஓட்டையை அடைக்கச் சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்றேன். அவர் ஃபிரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், எலுமிச்சம்பழமேதான். வெள்ளையாக, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கி, ஓரத்தில் மெல்லக் கசிய ஆரம்பித்திருந்தது. மேல்பட்டாம்பாக்கத்துக்கே கொண்டுபோய்க் காட்டிவிடலாமா என்றால், பண்ருட்டியில் பஸ் மாறுவதற்குள் குடிக்கத்தான் ஆகும். அண்ணன் டப்பாவை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மெஷின் கெடக்குது தம்பி. சனிக்கிழமை அவ வர்ற வரைக்கும் இது இருக்கணுங்க. ஒரே ஒரு தடவ அவ கண்ணால பாத்துட்டா போதும்."

அடைக்கலம்

டப்பாவை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். முதலில் கலியபெருமாள் அண்ணன் வீடு. அது மத்தியான நேரம். அவர் ஃபிரிட்ஜ் ரெஸ்டில் இருந்தது. அவசரம் என்று கெஞ்சிப் பார்த்தோம். பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளை டூட்டிக்கு அழைக்க முடியாது என்றார். அடுத்து டெய்சி டீச்சர். டீச்சர் டப்பாவைத் திறந்து பார்த்து வியந்து, உடனே வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். ஆனால் அவர் கணவர் குறுக்கே வந்து நின்றார். டிசம்பரில் வர்ணம் வர்ணமாக ஹாலைத் துடைத்தது அவர். சாப்பிடக் கூடிய ஐஸ் தவிர வேறு எந்த ஐஸும் இனி இந்த வீட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டார். டீச்சர் பாவமாக என்னைப் பார்த்தார்.

கடைசியில் காந்திமதி அம்மா. வாசலிலேயே நிறுத்தி, டப்பாவில் என்ன என்றார். மழை என்றேன். வெறும் மழையா, வேறு ஏதாவது சேர்ந்த மழையா என்றார். டப்பாவில் முன்பு மீன் இருந்ததா, முட்டை இருந்ததா என்று மாதையன் அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்தார். எலுமிச்சை ஊறுகாய் இருந்தது என்று அவர் உண்மையைச் சொன்னார். எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டதற்கு, அஞ்சலை அக்காவின் கேள்வியை நான் எடுத்துச் சொன்னேன். அம்மா டப்பாவை வாங்கி, வெளிப்புறம் கழுவித் துடைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஃபிரீசரில் வைத்துப் பூட்டினார். வானத்திலிருந்து வந்தது, இதைவிடச் சுத்தமான பொருள் கிடையாது அம்மா என்று நான் நன்றி சொல்கிற நினைப்பில் உளறினேன்.

"பேசாமப் போங்க. காக்கா எச்சமும் அங்கேர்ந்துதான் விழுது."

ஒரு சொட்டு

சனிக்கிழமை காலையில் மாதையன் அண்ணன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். சாட்சி சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார். பஸ் வருகிற நேரத்துக்குச் சற்று முன்பாகப் போய் டப்பாவை வாங்கி வந்துவிடுவது என்று ஏற்பாடு.

காந்திமதி அம்மா பெருமையோடு பூட்டைத் திறந்தார். ஃபிரீசர் பளிச்சென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நேற்று என்ன கிழமை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவைத் திறந்தோம். எலுமிச்சம்பழம் இல்லை. டப்பாவின் அடியில், டப்பா அளவுக்கு வட்டமாக, மெல்லிசாக ஒரு ஐஸ் தகடு உறைந்து கிடந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு எங்கள் முகம் போன போக்கு விளங்கவில்லை. குறை ஏதும் வைக்கவில்லை என்று காட்ட அவசரமாகச் சொன்னார்.

"நேத்து வழக்கம்போல அணைச்சுத் தொடச்சேன். உங்க டப்பாவையும் வெளிய எடுத்து வச்சு, அப்படியே திரும்ப உள்ள வச்சுட்டேன். ஒரு சொட்டுகூடச் சிந்தல."

அஞ்சலை அக்கா

பண்ருட்டிப் பலாச்சுளைப் பையோடு அஞ்சலை அக்கா வந்து இறங்கினார். ஆலங்கட்டி விழுந்த செய்தி வழியிலேயே எட்டியிருந்தது. கடலைப்பருப்பு அளவு என்றும் சொல்லியிருந்தார்கள். அண்ணன் டப்பாவை நீட்டினார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, வானத்திலிருந்து அப்பளம் விழுந்ததா என்றார். நான் முன்னால் வந்து, என் கண்ணால் பார்த்தேன், எலுமிச்சம்பழம் அளவுதான் என்று சத்தியம் செய்தேன். நீயும் அவர் கூட்டாளிதானே என்று ஒரே வார்த்தையில் சாட்சியைத் தள்ளிவிட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு முற்றத்துப் பக்கம் போகத் திரும்பினார். எனக்கு அந்த முதுகைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

அக்கா பலாச்சுளையை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். விளக்கு எரிந்தது, குளிர்ச்சி இல்லை. குனிந்து ஃபிரீசருக்குள் பார்த்தார். கத்திக் கீறல் இரண்டும், ஓட்டை ஒன்றும் இருந்தன. என்னது இது என்று கேட்டார். அண்ணன் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே, தானாக விழுந்தது என்றார். அக்கா அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கையில் எடுத்து, அந்த ஐஸ் தகட்டை மறுபடியும் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாரானேன். அக்கா என்னிடம்தான் பேசினார், ஆனால் அது எனக்குச் சொன்னது இல்லை.

"ஈரக் கையோட தொட்டாலே ஒரு நாளு பூரா சண்ட புடிக்கிற மனுஷன் இவுரு. இவுரு கத்தி எடுத்துகினு இதைப் போயிக் குத்துனாருன்னா, எலுமிச்சம்பழம் என்னா, தேங்கா அளவே வுழுந்திருக்கும்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அத்தனை வருஷம் கழித்து முதல்முறையாக ஒரு வார்த்தை எடுபட்டிருக்கிறது, வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மனிதர் நிற்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, இரண்டு கை விரல்களையும் சேர்த்து வட்டம் பிடித்துக் காட்டினார்.

"இல்ல அஞ்சல, தேங்கா அளவெல்லாம் இல்ல. எலுமிச்சம்பழந்தான்."

ஓட்டை போட்ட இடம் தெரியாமல் அடைத்துக் கொடுப்பதுதான் என் தொழில் என்றாலும், மெட்ராஸிலிருந்து சாமான் வந்த பிறகு அந்த ஒரு வீட்டில் மட்டும், அஞ்சலை அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டபடி, கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற மாதிரி அடைத்துவிட்டு வந்தேன்.